``குடிக்கிறேன்னு சொன்னா வேலை போயிடுமா?'' - அமெரிக்க ராணுவம் தாமதமாகக் கற்ற பாடம்!

ஒரு ராணுவ வீரர். குடியை விட்டுவிட வேண்டும் என்று அவருக்கே ஆசை. முகாமிலேயே சிகிச்சை மையம் இருக்கிறது. ஆனாலும், அவர் அந்தப் பக்கம் போவதில்லை. காரணம், அங்கே பெயரைப் பதிவு செய்தால் தகவல் மேலதிகாரிக்குப் போய்விடும். பதவி உயர்வு என்னாகும்? சக வீரர்கள் என்ன நினைப்பார்கள்?

அமெரிக்க ராணுவத்தில் பல ஆண்டுகளாக நிலவிய பயம் இது.

``சிகிச்சை உண்மையிலேயே பலன் தருகிறதா?'' என்று ஆராய, டாக்டர் சார்லஸ் ஓ'பிரையன் தலைமையில் ஒரு நிபுணர் குழு அமைக்கப்பட்டது. 2012-ல் வெளியான அதன் அறிக்கை, நிலைமையைப் `பொது சுகாதார நெருக்கடி' என்றே சொன்னது. ஒரே அமர்வில் அளவுக்கு மீறிக் குடிப்பவர்கள் 1998-ல் 35 சதவிகிதம். 2008-ல் அது 47 சதவிகிதமாக உயர்ந்திருந்தது.

எங்கே தவறு?

சிகிச்சை முறைகள் பழையவையாக இருந்தன. குடிக்கும் வேட்கையைக் குறைக்கும் மருந்துகள் போதிய அளவு பயன்படுத்தப்படவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, ரகசியம் காக்கப்படும் என்ற நம்பிக்கை இல்லை. அதனால், பலரும் பிரச்னை முற்றிய பிறகே சிகிச்சைக்கு வந்தார்கள். பலர், தாங்களாக வரவில்லை. ஏதாவது சம்பவத்தில் சிக்கிய பிறகு அனுப்பி வைக்கப்பட்டார்கள்.

இதற்குத் தீர்வு ஏற்கெனவே கையில் இருந்தது. 2009-ல் வாஷிங்டன், அலாஸ்கா, ஹவாய் மாகாணங்களில் மூன்று முகாம்களில் ராணுவம் ஒரு சோதனை முயற்சியைத் தொடங்கியது. தானாக முன்வரும் வீரருக்கு, பணி நேரம் முடிந்த பிறகு சிகிச்சை. மேலதிகாரிக்குத் தகவல் போகாது.

தானாக வந்து உதவி கேட்பவரைப் பற்றி மேலதிகாரிக்குச் சொல்லத் தேவையில்லை என்பது, 2019-ல்தான் ராணுவம் முழுமைக்கும் விதியானது. வீரரின் உயிருக்கோ பணிக்கோ ஆபத்து என்பது போன்ற சில நிலைகளில் மட்டும் விலக்கு. மூன்று முகாம்களில் இருந்து எல்லா முகாம்களுக்கும் வர பத்து ஆண்டுகள்!

எத்தனை பேர் சிகிச்சையை முடித்தார்கள் என்ற கணக்கு மட்டும் போதாது. பயந்து வாசலிலேயே திரும்பிப் போனவர்கள் எத்தனை பேர்? அந்தக் கணக்கையும் சேர்த்தால்தான் ஒரு திட்டத்தின் வெற்றி தெரியும்.

இது ராணுவத்துக்கு மட்டுமா? ``நான் விட்டுடணும்னு நினைக்கிறேன்'' என்று வீட்டில் ஒருவர் வாய் திறக்கும்போது, திட்டாமல் காது கொடுத்துக் கேட்பதும் சிகிச்சையின் முதல் படிதான்.