உள்ளே ஒலிக்கும் பேச்சு

பஸ் தரிப்பிடத்தில் தனியே நிற்கும் ஒருவரைப் பாருங்கள். அவர் உதடுகள் அசைவதில்லை. ஆயினும் உள்ளே பேச்சு ஓடிக்கொண்டிருக்கும்: "குடை... மேசையிலை. சரி, போகட்டும்." இதனையே உளவியலாளர் 'உட்பேச்சு' என்பர்.

இது எங்கிருந்து வருகிறது? ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகொட்ஸ்கி 1934இல் வெளியான 'சிந்தனையும் மொழியும்' என்ற நூலில் இதற்கு விளக்கம் தந்தார். விளையாடும் குழந்தை வாய்விட்டுத் தன்னோடு தானே பேசும். செய்யும் காரியம் கடினமானால் அந்தப் பேச்சும் கூடும். வளர வளர அது மறைந்துவிடுவதில்லை, உள்ளே இறங்கிவிடுகிறது. இறங்கும்போது சுருங்கியும் விடுகிறது. எதைப் பற்றிய பேச்சு என்பது நமக்குத் தெரியுமாதலால் எழுவாய் உதிர்ந்து பயனிலை மட்டும் எஞ்சுகிறது.

ஜேம்ஸ் ஜொய்ஸின் 'யூலிஸிஸ்' (1922) நாவலில் டப்ளின் வீதிகளில் நடக்கும் புளூமின் நினைவுகள் இவ்வாறு துண்டு துண்டாகவே வருகின்றன. நனவோடை உத்தி என்று நாம் சொல்வது இதனைத்தான்.

தமிழ் மரபில் உள்ளதோ வேறொரு வகை. திருக்குறளின் 125ஆம் அதிகாரம் 'நெஞ்சொடு கிளத்தல்'. பிரிவால் வாடும் தலைவி தன் நெஞ்சையே எதிரே நிறுத்திப் பேசுகிறாள். நெஞ்சு கேட்பவராகி விடுவதால் அங்கே வசனம் முழுமை பெறுகிறது.

கேட்பவர் வேண்டியவராகத்தான் இருக்க வேண்டுமென்பதில்லை. 2009இல் முடிந்த போரின் காலத்தில் கொழும்புச் சோதனைச் சாவடி வரிசைகளில் நானும் நின்றிருக்கிறேன். பெயர், ஊர், வந்த காரணம் என இன்னும் கேட்கப்படாத வினாக்களுக்குக் கைவராத சிங்களத்தில் உள்ளே விடை சொல்லிப் பார்ப்போம். ஒரு சொல்லையேனும் உதிரவிடத் துணிவிருக்காது. நமக்குள்ளே கூட நாம் தனியாக இல்லாத நேரம் அது.

ஆகவே, பாத்திரம் மனதுக்குள் பேசுவதை எழுதுவோர் முதலில் ஒன்றைத் தீர்மானித்துக்கொள்வது நல்லது: அங்கே கேட்பவர் யார்? எவருமில்லையேல் வசனம் உடைந்தே வரட்டும். மனதுக்குள்ளும் ஒருவர் இலக்கணப் பிழையின்றிப் பேசுவாரானால், அவர் யாருக்கோ அஞ்சுகிறார், அல்லது யாருக்காகவோ ஏங்குகிறார் என்பதை வாசகர் உணரவேண்டும்.