விரைவிற் சிறந்த பறவை எது?

1951ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், அயர்லாந்தின் வெக்ஸ்போர்ட் பகுதியிலே சிலர் வேட்டைக்குச் சென்றிருந்தனர். அவர்களுள் ஒருவராகிய சேர் ஹியூ பீவர் என்பவர் பொன்னிற உப்புக்கொத்தி ஒன்றைச் சுட்டார், குறி தவறிற்று. ஐரோப்பாவில் வேட்டையாடப்படும் பறவைகளுள் மிக விரைந்து பறப்பது எது என்ற வாதம் அதனால் எழுந்தது. நூல்களைப் புரட்டியும் விடை கிடைக்கவில்லை. இத்தகைய ஐயங்களைத் தீர்ப்பதற்கென ஒரு நூல் வேண்டுமென அவர் எண்ணியதன் பயனாகவே, 1955ஆம் ஆண்டிற் கின்னஸ் சாதனை நூல் வெளிவந்தது.

நேயர்களே, அவ்வினா தோற்றத்தில் எளிதாயினும், விடை எளிதன்று. விரைவு என்னும்போது எவ்விரைவைக் கருதுகின்றோம் என்பதை முதலிலே தெளிதல் வேண்டும். உயரத்திலிருந்து கீழ்நோக்கிப் பாயும் விரைவு ஒன்று. தன் சிறகின் வலியாற் சமமட்டத்திற் பறக்கும் விரைவு மற்றொன்று. காற்றின் துணைகொண்டு செல்லும் விரைவு பிறிதொன்று. குன்றிலிருந்து இறங்கி ஓடுபவனையும் சமநிலத்தில் ஓடுபவனையும் ஒரே பந்தயத்தில் வைத்து எண்ணுதல் முறையாகுமா?

பாய்ச்சலில் முதலிடம் பெறுவது வல்லூறு. ஐக்கிய அமெரிக்காவிலே கென் பிராங்கிளின் என்பவர் தாம் பயிற்றிய வல்லூறு ஒன்றை விமானத்திலிருந்து பாயவிட்டு அளந்தார். அதன் விரைவு மணிக்கு ஏறத்தாழ 389 கிலோமீற்றர் எனக் கண்டார். ஒரு செக்கனில் நூறு மீற்றருக்கும் அதிகமான தூரம் இது! வானில் உயர்ந்து நின்று இரையைக் கண்டதும், வல்லூறு தன் சிறகுகளை உடலோடு ஒடுக்கி நீர்த்துளி போன்ற வடிவம் பெறுகின்றது. காற்றின் தடை குறைகின்றது. புவியீர்ப்பு அதனை விரைவுபடுத்துகின்றது. ஒளி ஊடுருவும் மூன்றாவது இமையொன்று அதன் கண்களைக் காக்கின்றது. இரையைக் காலால் அடித்து வீழ்த்துவது அதன் வழக்கம்.

சமமட்டப் பறப்பிலே முறையாக அளந்தறியப்பட்ட பெருமை உழவாரக் குருவிக்கு உரியது. சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, அது மணிக்கு 111.6 கிலோமீற்றர் விரைவிற் பறந்தது. இவ்வினக் குருவிகளுட் சில, கூடு துறந்த பின்னர் பத்து மாதங்கள் தரையிறங்காது வானிலேயே வாழ்கின்றன என்பதும் பின்னர் அறியப்பட்டது. இதற்கு உறவான ஊசிவாற் குருவி மணிக்கு 169 கிலோமீற்றர் பறக்குமெனப் பல நூல்கள் கூறும். ஆயின், அளந்த முறை வெளியிடப்படாமையால் அறிஞர் அதனை ஏற்கத் தயங்குவர்.

காற்றைத் துணைகொள்வதில் வல்லது சாம்பல்நிறத் தலையையுடைய அல்பட்ரொஸ். தென்கடற் புயலொன்றிடையே, செய்மதிக் கருவி பூட்டப்பெற்ற அப்பறவையொன்று எட்டு மணித்தியாலத்துக்கும் மேலாக, மணிக்கு ஏறத்தாழ 127 கிலோமீற்றர் விரைவிற் சென்றதாக 2004ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு கூறுகின்றது.

இனி, வல்லூற்றின் கதையில் நாம் மறத்தலாகாத பகுதியொன்று உண்டு. இரண்டாம் உலகப் போரின் பின்னர் டி.டி.ரி. என்னும் பூச்சிகொல்லி வயல்களிலும் காடுகளிலும் மிகுதியாகத் தெளிக்கப்பட்டது. நஞ்சு பூச்சியிலிருந்து சிறு பறவைக்கும், சிறு பறவையிலிருந்து வல்லூற்றுக்கும் சென்று, அதன் உடலிற் சேர்ந்தது. அதனால் முட்டையோடு மெலிந்தது. அடைகாக்கும் தாயின் பாரத்தைத் தாங்காது முட்டைகள் உடைந்தன. பழைய முட்டைகளையும் புதியனவற்றையும் ஒப்பிட்டு, இவ்வுண்மையை 1967ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார் பிரித்தானிய அறிஞர் டெரெக் றற்கிளிவ். அதற்குள் ஐக்கிய அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் வல்லூறு இனப்பெருக்கமின்றி அற்றுப்போயிருந்தது.

1972ஆம் ஆண்டில் அந்நாடு டி.டி.ரி. பயன்பாட்டைத் தடைசெய்தது. கூண்டில் வளர்த்த குஞ்சுகளை அறிஞர்கள் மலைகளிலும் உயர்ந்த கட்டடங்களிலும் விட்டனர். வல்லூறு மெல்ல மீண்டது. 1999ஆம் ஆண்டில், அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பட்டியலிலிருந்து அது நீக்கப்பட்டது. எவ்விரைவாலும் தப்பவியலாத நஞ்சிலிருந்து அதனை மீட்டது மனிதர் எடுத்த முடிவேயாகும்.

இவ்வல்லூற்றின் ஓர் உள்ளினம் நம் இலங்கையிலும் வாழ்கின்றது. சீகிரியாவின் செங்குத்துப் பாறையிலே அது முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பதுண்டு. அங்கு செல்லும் நேயர்கள், ஓவியங்களைக் கண்டு மகிழ்ந்த பின்னர், சிறிது நேரம் வானத்தையும் நோக்குவார்களாக.