சீருடையில் இருக்கும்வரை விசா வேண்டாம்

அயல்நாட்டில் பணிபுரியும் படைவீரருக்குக் கடவுச்சீட்டு தேவையா? பெரும்பாலும் தேவையில்லை என்கிறது சட்டம். 1951 ஜூன் 19 அன்று லண்டனில் கையெழுத்தான நேட்டோ படைகள் குறித்த ஒப்பந்தத்தின் மூன்றாம் பிரிவு, ஓர் உறுப்பு நாட்டின் வீரர் இன்னோர் உறுப்பு நாட்டுக்குள் பணிநிமித்தம் நுழையும்போது கடவுச்சீட்டு, விசா விதிகளிலிருந்து விலக்களிக்கிறது. புகைப்படமுள்ள அடையாள அட்டையும் பயண ஆணையும் போதும்; ஓர் அணி முழுமைக்கும் ஒரே ஆணை செல்லும். குடும்பத்தினருக்கோ கடவுச்சீட்டு வேண்டும். இந்த விலக்கால் நிரந்தரமாகத் தங்கும் உரிமை எதுவும் கிடைக்காது என்றும் அதே பிரிவு சொல்லிவிடுகிறது.

இந்த இறுதி நிபந்தனையின் கொடுமையை, வேற்று நாட்டுப் படையிலேயே சேர்ந்தவர்களிடம்தான் நாம் தெளிவாகக் காண்கிறோம். பிரிட்டனின் 1971ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம், அந்நாட்டுப் படையில் பணியாற்றும் நேபாள கூர்க்காக்களையும் ஃபிஜி போன்ற காமன்வெல்த் நாட்டவரையும் குடிவரவுக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கிவைத்துள்ளது. பணி முடிந்ததும் விலக்கும் முடிகிறது. நேற்றுவரை அந்நாட்டுக்காகத் துப்பாக்கி ஏந்தியவர், இன்று விண்ணப்பப் படிவத்துடன் நிற்கும் அந்நியர்.

கூர்க்காக்களைப் 'போர்க்குடி' என்று புகழ்ந்து சேர்த்தது காலனிய அரசு. அதே கோட்பாட்டைக் காட்டித்தான் 1890களில் மகர்களுக்குப் படையின் கதவை அது அடைத்தது. அண்ணல் அம்பேத்கரின் தந்தை ராம்ஜி சக்பால் அப்படையில் சுபேதாராக இருந்தவர் என்பதை நாம் அறிவோம். ஆனால், புகழப்பட்டவர்களுக்கும் குடியிருக்கும் உரிமை கிட்டவில்லை. 1997 ஜூலை 1க்கு முன் ஓய்வுபெற்ற கூர்க்காக்களுக்குப் பிரிட்டனில் குடியேறும் உரிமை மறுக்கப்பட்டது. அப்போது அவர்களின் தலைமையகம் ஹாங்காங்கில் இருந்ததாம். அதனால் பிரிட்டனுடன் அவர்களுக்குப் போதிய பிணைப்பு இல்லையாம்! 2008இல் உயர் நீதிமன்றம் அரசின் வழிகாட்டுதல்களைச் சட்டவிரோதம் என்றது. அரசு கொண்டுவந்த புதிய விதிகளும் 2009 ஏப்ரலில் நாடாளுமன்ற வாக்கெடுப்பில் தோற்றன. மே 21 அன்றுதான், நான்காண்டுகள் பணியாற்றிய அனைவரும் குடியேறலாம் என்று அரசு இறங்கிவந்தது.

காமன்வெல்த் வீரர்களின் சிக்கல் பணத்தில் இருந்தது. 2021இல் நிரந்தரக் குடியிருப்புக்கான விண்ணப்பக் கட்டணம் ஒருவருக்கு 2,389 பவுண்டு. நால்வர் கொண்ட குடும்பத்துக்கு 9,556 பவுண்டு. அரசு நிர்ணயித்த இந்தத் தொகையை, அதே அரசின் படையிலிருந்து வெளியேறும் வீரர் தம் சேமிப்பிலிருந்து கட்ட வேண்டியிருந்தது. முன்னாள் வீரர்களின் நெடிய போராட்டத்துக்குப் பின், ஆறாண்டுகள் பணியாற்றியோருக்கு 2022 ஏப்ரல் முதல் அக்கட்டணம் நீக்கப்பட்டது. மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் நீக்கப்படவில்லை.