எந்த விதியில் நீக்கினீர்கள்?

2021 ஜனவரியில் அமெரிக்காவிலிருந்து ஒருவர் இன்ஸ்டாகிராமில் அப்துல்லா ஓச்சலானின் படத்தைப் போட்டார். ஓச்சலான், குர்திஸ்தான் தொழிலாளர் கட்சியின் நிறுவனர். 1999 முதல் துருக்கியின் இம்ராலித் தீவுச் சிறையில் இருப்பவர். அவருடைய தனிமைச் சிறையை முடிவுக்குக் கொண்டுவருவது பற்றிப் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது என்பதுதான் படத்தோடு இருந்த செய்தி. வன்முறைக்கான அழைப்பு எதுவும் அதில் இல்லை.

பிப்ரவரியில் பதிவைத் தூக்கிவிட்டார்கள். 'ஆபத்தான தனிநபர்கள், அமைப்புகள்' பற்றிய விதியை மீறியதாகக் காரணம் சொல்லப்பட்டது. பதிவிட்டவர் மேல்முறையீடு செய்தார். கொரோனாவால் ஆள் பற்றாக்குறை, முடிவு இறுதியானது என்று பதில் வந்தது. ஆனாலும், பதிவுகளைப் பரிசீலிக்கும் மாடரேட்டர்களில் இரண்டாவதாக ஒருவர் அதைப் பார்த்தார். அவரும் நீக்கியது சரி என்றார். கடைசியாக அந்த மனிதர், இன்ஸ்டாகிராமின் உரிமையாளரான ஃபேஸ்புக் (இன்றைய மெட்டா) அமைத்த மேற்பார்வை வாரியத்தின் கதவைத் தட்டினார்.

வாரியம் வழக்கை எடுத்துக்கொண்ட பிறகுதான் நிறுவனத்துக்கே ஒரு விஷயம் தெரியவந்தது. ஆபத்தானவர் பட்டியலில் இருக்கும் ஒருவரின் சிறை நிலைமையைப் பற்றிப் பேசலாம் என்று மாடரேட்டர்களுக்கான உள் வழிகாட்டுதல் ஒன்று 2017-லேயே எழுதப்பட்டிருந்தது. அது எழுதப்பட்டதற்கு ஓச்சலானின் சிறைவாசம் குறித்த கவலையும் ஒரு காரணம். 2018-ல் புதிய மதிப்பாய்வு முறைக்கு மாறியபோது அந்த வழிகாட்டுதல் தவறிப்போய் விடுபட்டுவிட்டது. மூன்று ஆண்டுகள் யாரும் அதைத் தேடவில்லை. யாருக்காக எழுதப்பட்டதோ அவரைப் பற்றிய பதிவையே, அது இல்லாததால், இரண்டு மாடரேட்டர்கள் அடுத்தடுத்து நிராகரித்திருக்கிறார்கள்.

ஏப்ரலில் பதிவு திரும்பவும் ஏற்றப்பட்டது. ஜூலையில் வாரியம் தீர்ப்புச் சொன்னது. வழிகாட்டுதல் விடுபட்டிருந்த மூன்று ஆண்டுகளில் இப்படி எத்தனை பதிவுகள் போயின என்ற கேள்விக்கு, அதைக் கண்டறிவது தொழில்நுட்ப ரீதியாகச் சாத்தியமில்லை என்றது நிறுவனம்.

சமூக ஊடகங்களின் வெளிப்படைத்தன்மை பற்றிய விவாதத்தில் இந்த வழக்கை நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். விதிகளை முழுசாக வெளியிட்டால் தீயவர்கள் அதைப் படித்துவிட்டுச் சந்து பொந்துகளில் நுழைவார்கள் என்பது நிறுவனங்கள் வழக்கமாகச் சொல்லும் காரணம். போலிக் கணக்குகளை மென்பொருள் எப்படி மோப்பம் பிடிக்கிறது என்பது போன்ற விஷயங்களில் அதை ஏற்கலாம். ஆனால் ஒரு கைதியின் நிலையைப் பற்றிப் பேச அனுமதி உண்டு என்ற விதியை மறைத்து யாரைத் தடுக்க முடிந்தது? 2017-லேயே பொதுவில் வைத்திருந்தால், முதல் பதிவு நீக்கப்பட்ட வாரமே ஏதாவதொரு குர்திய செயல்பாட்டாளர் அதைச் சுட்டிக்காட்டிக் கேட்டிருப்பார். ஒரு வாரத்தில் தீர்ந்திருக்கும் கோளாறு மூன்று ஆண்டு நீடித்தது.

அந்த ஆபத்தானவர்கள் பட்டியலும் ரகசியம்தான். அதை வெளியிடுங்கள், குறைந்தது உதாரணங்களையாவது கொடுங்கள் என்று வாரியம் 2021 ஜனவரியிலேயே பரிந்துரைத்தது. நிறுவனம் வெளியிடவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் 'தி இன்டர்செப்ட்' இதழ் வழியாகப் பட்டியல் கசிந்தது.

இது நமக்குத் தொடர்பில்லாத கதை இல்லை. அமெரிக்க அரசு பயங்கரவாத அமைப்புகளாக அறிவித்தவற்றை ஆபத்தானவர்கள் பற்றிய இந்த விதி உள்ளடக்கும். விடுதலைப் புலிகள் 1997 முதல் அந்த அமெரிக்கப் பட்டியலில் இருக்கிறார்கள். ஒவ்வொரு நவம்பர் 27 மாவீரர் நாளையும் ஒட்டிப் படங்கள் தூக்கப்படுவதும் கணக்குகள் முடங்குவதும் புலம்பெயர் தமிழர்களின் நெடுநாள் புகார். போரில் இறந்த மகனின் படத்துக்கு முன்னால் ஒரு தாய் விளக்கேற்றுகிறார். அந்தப் படத்தைப் பதிவிட்டால் அது அமைப்பைப் புகழ்வதா, துக்கமா? புகழ்ச்சிக்கும் நினைவுகூரலுக்கும் நடுவே கோடு எங்கே போடப்பட்டிருக்கிறது என்பது பதிவிடுபவருக்குத் தெரிவதில்லை. தெரியாதபோது ஊகம்தான் மிஞ்சுகிறது. 'எதிராளிகள் கூட்டமாக ரிப்போர்ட் அடித்துவிட்டார்கள்' என்பார் ஒருவர், 'இலங்கை அரசு சொல்லித்தான் தூக்கினார்கள்' என்பார் இன்னொருவர். இரண்டையும் நிரூபிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. அடுத்த ஆண்டு அந்தத் தாய் படத்தையே போடாமல் விட்டுவிடுகிறார். எந்தப் புள்ளிவிவரத்திலும் அவர் வரமாட்டார்.

விதி எல்லோருக்கும் ஒன்றா என்பது அடுத்த கேள்வி. 2021 செப்டம்பரில் 'வால் ஸ்ட்ரீட் ஜர்னல்' வெளியிட்ட ஆவணங்கள் 'கிராஸ் செக்' என்ற ஏற்பாட்டை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தன. அரசியல்வாதிகள், நட்சத்திரங்கள் போன்றவர்களின் பதிவுகளுக்குத் தனிப் பரிசீலனை. 2020-ல் இப்படிக் குறைந்தது 58 லட்சம் பேர் இருந்தார்கள். டிரம்ப் கணக்கு முடக்க வழக்கில் வாரியம் இதைப் பற்றிக் கேட்டபோது, மிகச் சில முடிவுகளுக்கே இது பொருந்தும் என்று பதில் வந்திருந்தது. நிறுவனம் தன்னிடம் முழுமையாக ஒளிவுமறைவின்றி நடந்துகொள்ளவில்லை என்று வாரியமே பின்னர் வெளிப்படையாகச் சொன்னது. தான் நியமித்த வாரியத்திடமே மறைக்கும் நிறுவனம், சாதாரணப் பயனருக்கு என்ன சொல்லும்?

ரகசியம் சில நேரம் நல்லதும் செய்திருக்கிறது. 2022-ல் இலங்கை பொருளாதார நெருக்கடியில் தவித்தபோது, அங்குள்ள மருத்துவத் தொழிற்சங்கம் ஒன்று மருந்துகளைத் தானமாகக் கேட்டு ஃபேஸ்புக்கில் பதிவிட்டது. மருந்து கேட்பது விதிப்படி தடை. ஆனாலும் விதியின் நோக்கத்தைப் பார்த்து, வார்த்தையைப் பார்க்காமல், மெட்டா அந்தப் பதிவை அனுமதித்தது. வாரியமும் அது சரி என்றது. கூடவே, இப்படி ஒரு விதிவிலக்கு இருப்பதே வெளியே யாருக்கும் தெரியாது, அதைப் பொதுவில் அறிவியுங்கள் என்றும் கேட்டது. கருணை காட்டியபோதுகூட இந்தக் கேள்வி எழுந்தது எனக்கு நியாயமாகவே படுகிறது. அந்தச் சங்கத்துக்குக் கிடைத்த விலக்கை, அதே நிலையில் இருக்கும் வேறொரு நாட்டு மருத்துவமனை எப்படிக் கேட்டுப் பெறும்?

நீக்கத்துக்குக் காரணம் சொல்லச் சொல்லும் சட்டம் இந்தியாவில் ஏற்கனவே இருக்கிறது. 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, 50 லட்சத்துக்கு மேல் பயனர்களைக் கொண்ட தளம் தானாக ஒரு பதிவை நீக்கினால், நீக்குவதற்கு முன் காரணத்தைச் சொல்லி மறுப்புக் கூற வாய்ப்பும் தர வேண்டும். விதி 4(8) அது. மாதந்தோறும் அறிக்கையும் வெளியிட வேண்டும். மெட்டாவின் மாத அறிக்கையைத் திறந்தால் அட்டவணைகள் இருக்கின்றன. ஸ்பேம் இத்தனை, நிர்வாணம் இத்தனை, வன்முறை இத்தனை, புகார் வருமுன்னே நாங்களாகக் கண்டுபிடித்தது இத்தனை சதவீதம். எண்கள் பெரியவை. தமிழில் எத்தனை, இந்தியில் எத்தனை என்ற பிரிவு இல்லை. சர்ச்சைக்குரிய ஒரு நீக்கம் எப்படி முடிவானது என்ற ஒற்றை விளக்கமும் அங்கே கிடைக்காது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் டிஜிட்டல் சேவைகள் சட்டம் வந்த பிறகு, ஒவ்வொரு நீக்கத்துக்கும் காரண அறிக்கை தர வேண்டும். எந்த விதி, என்ன அடிப்படை, முடிவெடுத்ததில் இயந்திரத்தின் பங்கு உண்டா, எங்கே முறையிடலாம் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். அவை பொதுத் தரவுத்தளத்திலும் சேர்கின்றன. அதே நிறுவனங்கள்தான் அங்கே இதைச் செய்கின்றன. ஆகவே சென்னையில் இருப்பவருக்கும் கொழும்பில் இருப்பவருக்கும் இதே விவரங்களைத் தமிழில் கொடுங்கள் என்று கேட்பதில் பேராசை எதுவும் இல்லை. அத்தோடு மாத அறிக்கையில் இரண்டு வரிகள் கூடுதலாக வர வேண்டும்: தமிழில் நீக்கியவற்றில் மேல்முறையீட்டுக்குப் பின் திரும்ப ஏற்றியவை எத்தனை, எங்கள் சொந்த விதிப் பிழையால் நீக்கப்பட்டு, அந்த விவரம் பதிவிட்டவருக்குத் தெரிவிக்கப்பட்டவை எத்தனை.