துடைத்தால் இசை இனிக்குமா?

குறுந்தகட்டைப் பளபளவெனத் துடைத்துப் போட்டால் பாட்டு முன்னைவிடத் துல்லியமாகக் கேட்கிறது என்று நம்புவோர் உண்டு. அதற்கென்றே திரவங்களும் துணிகளும் விற்பனைக்கு வருகின்றன. இந்த நம்பிக்கை இசைத்தட்டுக் காலத்திலிருந்து வந்தது. அங்கே ஊசி வரிப்பள்ளத்தைத் தொட்டுக்கொண்டே ஓடும். தூசி ஒவ்வொன்றும் சடசடப்பாகக் காதில் விழும். துடைத்தால் ஒலி தெளிந்தது உண்மைதான். ஆனால் பிலிப்ஸும் சோனியும் உருவாக்கி 1982இல் விற்பனைக்கு வந்த குறுந்தகட்டில் பதிந்திருப்பவை எண்கள். ஒலியலையின் உயரம் நொடிக்கு 44,100 முறை அளக்கப்பட்டு, ஒவ்வோர் அளவும் 65,536 படிகளில் ஒன்றாகக் குறிக்கப்படுகிறது. ஓர் எண் சரியாகப் படிக்கப்பட்டுவிட்டால் அதைவிடச் சரியாகப் படிக்க வழியில்லை.

அழுக்கு இருந்தால் எண் தப்பாதா என்று கேட்கலாம். தப்பும், அதை எதிர்பார்த்தே தகடு வடிவமைக்கப்பட்டது. எண்கள் இருக்கும் அடுக்கு, 1.2 மில்லிமீட்டர் தடிமனுள்ள பாலிகார்பனேட்டுக்கு அப்பால் இருக்கிறது. லேசர் கதிர் தகட்டுக்குள் நுழையும் இடத்தில் கிட்டத்தட்ட 0.8 மில்லிமீட்டர் அகலம். உள்ளே போய்த்தான் இரண்டு மைக்ரோமீட்டருக்கும் குறைவான புள்ளியாகக் குவிகிறது. அதனால் மேற்பரப்புத் தூசி, மூக்குக்கண்ணாடியில் ஒட்டிய துகள்போல, பார்வையைப் பெரிதாக மறைப்பதில்லை. அதையும் மீறித் தவறும் எண்களை மீட்க, இர்விங் ரீடும் குஸ்தாவ் சாலமனும் 1960இல் வெளியிட்ட கணிதம் இருக்கிறது. அடுத்தடுத்த எண்களைத் தடத்தில் தள்ளித்தள்ளிப் பதித்து, சரிபார்க்கும் எண்களையும் சேர்த்திருப்பதால், தொடர்ச்சியாக 2.5 மில்லிமீட்டர் தடம் மறைந்தாலும் விடுபட்டதைப் பிசகின்றிக் கணக்கிட்டுவிட முடியும். சேதம் அதையும் தாண்டினால்தான் கருவி அக்கம்பக்கத்து எண்களை வைத்து ஊகிக்கிறது. அதற்கும் மேலே போனால் ஒலி விட்டுவிட்டுக் கேட்கிறது. அந்த நிலையில் துடைப்பது பயன் தரும். அப்போதும் திரும்பக் கிடைப்பது பதிவில் இருந்த ஒலிதான், அதற்கு மேம்பட்டது எதுவும் இல்லை.

பிழைகளைத் திருத்தும் பளு ஒலியின் காலக்கணக்கைக் குலைக்கும் என்பது இன்னொரு வாதம். ஆனால் படிக்கப்பட்ட எண்கள் நேராக ஒலிபெருக்கிக்குப் போவதில்லை. நினைவகத்தில் சேர்ந்து, குவார்ட்ஸ் படிகத்தின் துடிப்புக்கேற்ப வெளியேறுகின்றன. புத்தம் புதிய தகட்டிலும் சிறு பிழைகள் இருப்பதால், சரிபார்ப்பு எல்லாத் தகட்டுக்கும் இடைவிடாமல் நடக்கிறது. ஐயம் தீராதவர்கள் துடைக்கும் முன்னும் பின்னும் அதே பாட்டைக் கணினியில் ஏற்றி, இரு கோப்புகளையும் ஒப்பிடலாம். எண்கள் ஒன்றாக இருந்தும் வித்தியாசம் கேட்கிறதென்றால், துடைத்தோம் என்ற நினைப்பையே முதலில் சந்தேகிக்க வேண்டும். துடைத்த தகடு எது என்று சொல்லாமல் வேறொருவரைப் போடச் சொல்லிக் கேட்பதே நேர்மையான சோதனை.

தேவையில்லாமல் துடைப்பதால் கேடும் உண்டு. வட்டமாகத் தேய்த்தால் விழும் கீறல் தடத்தோடு நீண்டு, திருத்தும் எல்லையைத் தாண்டிவிடும். அசிட்டோன் பாலிகார்பனேட்டை மங்கவைக்கும். பெயர் அச்சிட்ட பக்கத்தில் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். மெல்லிய அரக்குப் பூச்சுக்குக் கீழேயே உலோக அடுக்கு இருப்பதால், அங்கே கீறினால் போனது போனதுதான். பாட்டு தடுக்கினால் மட்டும், ஈரமான மென்துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடையுங்கள். நன்றாகப் பாடும் தகட்டை அதன் பெட்டியிலேயே விட்டுவையுங்கள்.