‘யாரிடமும் சொல்லிவிடாதீர்கள், மேடம்!’

வகுப்பு முடிந்து எல்லோரும் கலைந்த பிறகும் ஒரு மாணவி தயங்கி நிற்கிறார். தனக்கு நேர்ந்த பாலியல் அத்துமீறலைச் சொல்லத் தொடங்கும் முன் அவர் கேட்பது ஓர் உறுதிமொழி: “யாரிடமும் சொல்லிவிடாதீர்கள், மேடம்.” அந்த உறுதிமொழியை அளிக்கச் சட்டத்தில் இடம் உண்டா? விடை, மாணவியின் வயதைப் பொறுத்தது.

அவருக்கு 18 வயது நிறையவில்லை என்றால், இடமில்லை. குற்றம் நடந்ததை அறிந்த எவரும் காவல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம். தவறினால் 6 மாதம் வரை சிறை அல்லது அபராதம், அல்லது இரண்டும். தன்கீழ் பணியாற்றுபவரின் குற்றத்தைத் தெரிவிக்கத் தவறும் நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறை. போக்சோ என்றாலே பள்ளிக்கூடத்துச் சட்டம் என்னும் எண்ணம் நம்மிடம் இருக்கிறது. பத்தாம் வகுப்பு முடித்துப் பாலிடெக்னிக்கில் சேர்பவருக்கு 15, 16 வயதுதான். கல்லூரி முதலாண்டு வகுப்பிலும் 17 வயதினர் இருக்கிறார்கள். விடுதிக் காப்பாளர், ஆய்வக உதவியாளர், பேருந்து ஓட்டுநர் என எல்லோருக்கும் இந்தக் கடமை பொருந்தும். துறைத் தலைவரிடம் சொல்லிவிட்டதோடு அது தீர்ந்துவிடாது.

மாணவி 18 வயதைக் கடந்தவர் என்றால் நிலைமை வேறு. 2013ஆம் ஆண்டுச் சட்டமும், பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு விதிமுறைகளும் புகாரை அவர் கையிலேயே விட்டிருக்கின்றன. அவர் எழுத்துமூலம் புகார் தர வேண்டும். இயலாத நிலையில் நண்பரோ சக மாணவரோ தரலாம்.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் வேறு வழியைத் தேர்ந்தது. அங்குள்ள பேய்லர் பல்கலைக்கழகத்தில் பாலியல் புகார்கள் முறையாகக் கையாளப்படாதது 2016இல் அம்பலமானது. மாநிலம் 2019இல் இயற்றிய சட்டத்தின்படி, மாணவரின் வயது எதுவானாலும், தகவல் அறிந்த உயர்கல்வி நிறுவன ஊழியர் அதை நிறுவனத்தின் பொறுப்பு அலுவலரிடம் தெரிவித்தாக வேண்டும். தெரிந்தே தவறினால் வேலை போகும். 180 நாள் வரை சிறையும் உண்டு. மறைக்கும் நோக்கம் இருந்தால் ஓராண்டு வரை. மூடிமறைத்தலுக்கு இது நல்ல மருந்துதான். ஆனால், சொன்னால் அடுத்த நிமிடமே கோப்பில் ஏறிவிடும் என்று அறிந்த மாணவி வாய் திறப்பாரா? அதனால்தான் ஆற்றுப்படுத்துநர் போன்றோர், சம்பவத்தின் வகையை மட்டும் தெரிவித்தால் போதும் என அச்சட்டமே விலக்களிக்கிறது.

வயதுவந்த பெண்ணின் விருப்பத்தை மதிக்கும் நமது முறையே எனக்கு ஏற்புடையது. எனினும், “எழுத்துமூலம் புகார் வரவில்லை” என்று நிர்வாகம் கைகழுவவும் அதே முறை வழிவிடுகிறது. இந்த இடைவெளியை அடைக்கக்கூடியவர் அந்த ஆசிரியர்தான். எதை ரகசியமாகக் காக்க முடியும், எதை முடியாது என்பதை மாணவி பேசத் தொடங்கும் முன்பே அவர் சொல்லிவிட வேண்டும். உள்புகார்க் குழுவில் இருப்பவர்கள் யார் என்று காட்டி, விரும்பினால் புகார் எழுதவும் துணைநிற்கலாம். காலக்கெடுவையும் சொல்ல வேண்டும்: 3 மாதம். தகுந்த காரணம் இருந்தால் குழு மேலும் 3 மாதம் நீட்டிக்கலாம். அந்தக் கெடு, மாணவி மனம்திறந்த நாளிலிருந்து அல்ல, சம்பவம் நடந்த நாளிலிருந்தே ஓடத் தொடங்கிவிடுகிறது.