இருண்ட மேற்பகுதியோடு எழும் நிலா

சந்திரன் கிரகணம் பிடித்த நிலையிலேயே கீழ்வானில் எழுவதைப் பஞ்சாங்கம் 'கிரஸ்தோதயம்' என்று குறிக்கிறது; விழுங்கப்பட்டபடியே உதிப்பது என்பது அதன் பொருள். பூமியின் நிழலுக்குள் சந்திரன் நுழைவதும் வெளியேறுவதும் உலகெங்கும் ஒரே கணத்தில் நிகழ்ந்தாலும், சந்திரோதயம் ஊருக்கு ஊர் வேறுபடுவதால், கிரகணத்தின் எந்தப் பகுதி கண்ணுக்குக் கிட்டும் என்பதை அந்தந்த ஊரின் கீழ்வானமே முடிவுசெய்கிறது.

காஞ்சிபுரத்தில் 2022 நவம்பர் 8ஆம் நாள், ஐப்பசிப் பௌர்ணமியன்று, நிகழ்ந்தது இத்தகைய உதயமே. அன்று பிற்பகல் 2.39க்குத் தொடங்கிய கிரகணம் 3.46 முதல் 5.12 வரை முழுமையாக நீடித்து, பஞ்சாங்கம் 'மோட்சம்' என்று கூறும் விடுபடும் நேரமான 6.19க்கு முடிந்தது. கொல்கத்தாவுக்கு முழுக் கிரகணத்தின் கடைசி 20 நிமிடங்கள் வாய்த்தன. சென்னைக்குப் பகுதிக் கிரகணம் மட்டும் 40 நிமிடமும், மும்பைக்கு 18 நிமிடமும் கிடைத்தன. ஒரு பாகைத் தீர்க்கரேகைக்கு 4 நிமிடம் என்ற கணக்கில், சென்னைக்கு மேற்கே அரைப் பாகைக்குச் சற்று அதிகமாகத் தள்ளியிருக்கும் காஞ்சி அதிலும் ஏறத்தாழ 2 நிமிடத்தை இழந்தது.

உண்மையில் இழப்பு இன்னும் கூடுதல். சந்திரன் நிழலினூடே மேற்கிலிருந்து கிழக்காக நகர்வதால் அதன் கிழக்கு விளிம்பே முதலில் வெளிச்சத்துக்கு வருகிறது. உதிக்கும்போதோ அந்த விளிம்பு தரையை நோக்கியிருப்பதால், வலப்புறம் சற்றுச் சாய்ந்த இருண்ட மேற்பகுதிதான் முதலில் எழுகிறது. சூரியன் மறைந்தும் மறையாத அந்தப் பொழுதில் வானம் வெளிறியிருக்க, இருண்ட பகுதி கண்ணுக்குப் புலப்படாமலே போய், கீழே ஒளிரும் பகுதி புழுதியையும் புகையையும் தாண்டி மேலேறிய பின்னரே நிலா தென்படுகிறது. அப்போதும் நிழலின் ஓரம், பட்டுச்சேலையின் உடலும் கரையும் கூடும் கோர்வைபோல வெட்டெனத் தெரிவதில்லை. சூரியன் ஒரு புள்ளியாக இல்லாமல் வட்டாக இருப்பதாலும், பூமியைச் சூழ்ந்த காற்று ஒளியைச் சிதறடிப்பதாலும் அது மங்கலாகவே கரைகிறது.

கிரகணம் விடும் நேரத்திலும் நிலா 9 பாகை உயரமே ஏறியிருந்தது; நீட்டிய கையின் முட்டி மறைக்கும் அளவைவிட அது சற்றுக் குறைவு. கிருஷ்ணதேவராயர் 1509இல் எழுப்பிய ஏகாம்பரநாதர் கோயிலின் 59 மீட்டர் ராஜகோபுரம், 370 மீட்டர் தொலைவில் நிற்பவருக்கு ஏறக்குறைய இதே உயரத்தில் தெரியும். அதற்கு மேற்கே, சற்றுத் தெற்காகத் தள்ளி அத்தொலைவில் நின்றவருக்குக் கோபுரம் கிரகணம் முழுவதையும் மறைத்திருக்கக்கூடும். பார்வைக்கு உகந்த இடமோ, கிழக்கே மரமும் மாடியும் குறுக்கிடாத ஏரிக்கரைதான். சூரிய கிரகணத்துக்குரிய கண்ணாடி இதற்குத் தேவையில்லை. 2026 மார்ச் 3ஆம் நாள் கிரகணமும் இவ்வகையினதே. அது விடும் நேரம் மாலை 6.47 என்பதால், காஞ்சிக்குரிய பங்கு அரைமணி நேரத்துக்கும் குறைவு.